டன்னுக்கு ஒரு கிராம்: 75 மி.மீ. பைப்பில் ஐஎன்எஸ் குர்சுரா

மதுரையில் ஒரு பள்ளிக் காட்சிக்காகக் கட்டிய நீர்மூழ்கி மாடலின் நிகழ்வு ஆய்வு இது. முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதற்காக மட்டும் செய்த மாடல். ஓராண்டு கழித்து அதையே தண்ணீரில் மூழ்கி எழும்படி மாற்றும் வேலை வந்தது. நிற்கும் மாடலில் யாரும் கவனிக்காத பிழைகள் எல்லாம் தொட்டியில் இறக்கிய அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டன.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாக. குர்சுரா சோவியத் யூனியனின் 641 திட்டக் கப்பல். மேற்கு நாடுகள் ஃபாக்ஸ்டிராட் வகை என்று அழைத்தவற்றில் ஒன்று. 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது, 1971 போரில் அரபிக்கடலில் ரோந்து போனது, 2001-ல் பணி ஓய்வு பெற்றது. 2002 முதல் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர், மிதக்கும்போது நீருக்குள் இருக்கும் ஆழம் 6 மீட்டர். மேலே மிதக்கையில் 1,950 டன், மூழ்கினால் 2,475 டன். முன்னால் ஆறு, பின்னால் நான்கு டார்பிடோ குழாய்கள், மூன்று புரொப்பல்லர்கள். மாடல் கட்டுபவருக்கு இதில் பெரிய வசதி, கப்பல் கரையில் நிற்பதால் அடிப்பாகத்தையும் போட்டோ எடுக்கலாம் என்பதுதான். பார்வையாளர்களுக்காகப் போட்ட வாசலும் படிக்கட்டும் கடலில் ஓடிய காலத்தில் கிடையாது. அவற்றைப் பார்த்து அப்படியே மாடலில் வைத்துவிடக் கூடாது.

பைப்தான் அளவைத் தீர்மானிக்கிறது

கடையில் கிடைக்கும் விவசாய பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 50, 63, 75, 90, 110 மி.மீ. என்று போகும். கப்பலின் அகலத்தைப் பைப்பின் விட்டத்தால் வகுத்தால் மாடலின் அளவு வந்துவிடும். குர்சுராவுக்கு 50 மி.மீ. பைப் எடுத்தால் 1:150, நீளம் 609 மி.மீ. 75 எடுத்தால் சரியாக 1:100, நீளம் 913 மி.மீ. சிந்துகோஷ் வகைக் கப்பலின் அகலம் 9.9 மீட்டர்; அதற்கு 90 மி.மீ. பைப் 1:110 தருகிறது, நீளம் 660 மி.மீ. முதலில் அளவை முடிவு செய்துவிட்டுப் பிறகு பைப் தேடினால் கடைசியில் பட்டி பூசிப் பூசிப் பருமனாக்க வேண்டிவரும்.

1:100 எடுத்ததற்கு இன்னொரு காரணம், கணக்கு. நீளம் நூறில் ஒரு பங்கு என்றால் கனஅளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு டன் என்பது பத்து லட்சம் கிராம். ஆக, கப்பலின் ஒரு டன் மாடலில் ஒரு கிராம். 1,950 டன் கப்பல், 1,950 கிராம் மாடல். மூழ்குவதற்கு உள்ளே வாங்கும் 525 டன் நீர், மாடலில் 525 கிராம். இந்த 525-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாடலை மாற்றும் கட்டத்தில் திரும்ப வரும்.

பைப் வாங்கும்போது 4 கிலோ பைப் (கிலோ என்பது பைப் தாங்கும் அழுத்தம், எடை அல்ல) போதும், 6 கிலோ பைப் சுவர் தடித்து வீண் எடை. வெயிலில் சாய்த்து வைத்த பைப் வில்லாக வளைந்திருக்கும். கடைத் தரையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிற்கும் மாடல்: விரிந்த இணைப்பு

நடுப்பகுதிக்கு 460 மி.மீ. பைப். முகப்பும் வாலும் மரத்தில் கடைந்தவை. இங்கே முதல் பிசகு. கடைசல் பட்டறையில் எது கொடுத்தாலும் உருண்டையாகத்தான் வரும், அது இயந்திரத்தின் குணம். ஃபாக்ஸ்டிராட் முகப்போ நீர்மேல் வேகமாக ஓட வேண்டிய காலத்து வடிவம்: கீழே ஒடுங்கி, மேற்பாதியில் சோனாருக்காகப் புடைத்து நிற்கும். "பென்சில் முனை மாதிரி வேண்டாம்ணே" என்று சொல்வதால் பயனில்லை. முழு விட்டத்தில் கடைந்து வாங்கி, பக்கவாட்டை ரம்பப்பல் அரத்தால் கையில் இழைத்து எடுக்க வேண்டும். அட்டையில் ஐந்து இடத்துக் குறுக்குவெட்டு மாதிரி வடிவங்களை வெட்டி வைத்துக்கொண்டு, இழைக்க இழைக்கப் பொருத்திப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். கண்ணளவில் செய்தது இடப்பக்கம் 2 மி.மீ. கொழுத்துப் போனது, மேலிருந்து பார்த்தால் மூக்கு திரும்பிய மாதிரி இருந்தது.

மரத்தைப் பைப்புக்குள் 15 மி.மீ. நுழைத்து, அரால்டைட் போட்டு, இணைப்பின் மேல் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி பூசி, தேய்த்து, கறுப்பு அடித்தாயிற்று. ஏப்ரலில் கண்ணாடி மாதிரி இருந்த இணைப்பு, மே மாதம் காரின் பின்சீட்டில் ஒரு மதியம் கிடந்ததும் முடி பருமனுக்கு வளையமாக விரிந்தது.

காரணம் எளிது. பிவிசி ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். 20 டிகிரி ஏறினால் 460 மி.மீ. பைப் 0.65 மி.மீ. நீளும், 75 மி.மீ. விட்டமும் 0.1 மி.மீ. விரியும். மரம் சூட்டுக்கு அந்த அளவில் அசையாது. ஈரப்பதத்துக்குத்தான் அசையும், அதுவும் நார்க் குறுக்கே. பைப்பும் மரமும் ஒரே வேளையில் வெவ்வேறு திசைக்கு இழுக்க, நடுவில் இருப்பது மொறுமொறுவென்று காய்ந்த என்சி பட்டி. அது மெல்லிய கீறலை மறைக்கத்தான் லாயக்கு, இணைப்பை நிரப்ப அல்ல. மேல்தட்டுக்குப் போட்ட 3 மி.மீ. சன்போர்டு (நுரைப் பலகை) இதே வெயிலில் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அதுவும் பிவிசிதான். பிவிசி பசையில் பைப்போடு ஒன்றாகி, பைப்போடு சேர்ந்தே நீண்டு சுருங்கியது. முகப்பையும் வாலையும் மாற்றும் வரை, இணைப்பைக் கீறி, கார் டிங்கரிங் பட்டறையில் போடும் இரண்டு கலவைப் பட்டியை வைத்துச் சமாளித்தார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: சுத்தக் கறுப்பு அடித்தால் மாடல் பொம்மையாகத் தெரியும். கறுப்பில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தால் கப்பலாகத் தெரியும்.

மூழ்கும் மாடல்: முதல் முயற்சி ஏன் எழவில்லை

மாற்றும் திட்டம் இது. வெளிக்கூட்டுக்குள் தண்ணீர் தாராளமாகப் போய்வர வேண்டும். அதற்குள் நீர் புகாத ஓர் உள்குழாய், 63 மி.மீ. பைப், 450 மி.மீ. நீளம். மோட்டார், பேட்டரி எல்லாம் அதற்குள். மூழ்க நீரை வாங்கி, எழ அதை வெளியே தள்ளும் பேலஸ்ட் தொட்டிக்கு 50 மி.லி. சிரிஞ்ச் இரண்டு. பெரிய ஆஸ்பத்திரி எதிரே பனகல் சாலை மருந்துக் கடைகளில் கேட்டாலே கிடைக்கும் சிரிஞ்ச்தான். பிஸ்டன் பின்னால் போனால் நீர் உள்ளே வரும், முன்னால் வந்தால் வெளியே போகும்.

இரண்டு சிரிஞ்சும் நிறைந்தால் மூழ்கும்படி ஈயம் சேர்த்தாயிற்று. சிரிஞ்சைக் காலி செய்ததும் மாடல் எழுந்தது. கோபுரம் வரைக்கும் மட்டும். மேல்தட்டு தண்ணீருக்குள்ளேயே நின்றது. 100 மி.லி. நீரைத் துப்பியும் ஏன் எழவில்லை?

பலரும் இங்கே சிரிஞ்சைக் கூட்டப் பார்ப்பார்கள். 525-ஐ ஐம்பதால் வகுத்தால் இன்னும் ஒன்பது சிரிஞ்ச் வேண்டும் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் புகும் கூட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கூடு மேலே எழும்போது உள்ளிருக்கும் நீர் தானே வடிந்துவிடுகிறது. தூக்க வேண்டியது நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் திடப்பொருளையும் அடைபட்ட காற்றையும் மட்டும்தான். அப்படி மேலே வரவேண்டிய ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் 1 மி.லி. பேலஸ்ட் செலவு. நிற்கும் மாடலுக்காகக் கட்டிய கூட்டில் அந்தச் செலவை யாரும் பார்த்திருக்கவில்லை.

பாகங்களை ஒவ்வொன்றாகத் தளும்பத் தளும்ப நிறைத்த பாத்திரத்தில் அமிழ்த்தி, வழிந்த நீரை எடை போட்டால் கணக்கு கையில் வந்துவிடும். உள்குழாய்க்கு மட்டும் பேப்பரில் கணக்கு. நீர்மட்டம் அடியிலிருந்து 60 மி.மீ. உயரம். அதற்கு மேலே இருந்தவை:

3 மி.மீ. சன்போர்டு மேல்தட்டு: 120 மி.லி.
சன்போர்டை அடுக்கி ஒட்டிய கெட்டிக் கோபுரம்: 110
பைப்பின் மேல்முதுகு: 70
முகப்பு, வால் மரத்தின் மேற்பகுதி: 90
63 மி.மீ. உள்குழாயின் நீர்மட்டத்துக்கு மேல்பகுதி: 120

கூட்டினால் 510. கையில் இருந்ததோ 100. சன்போர்டு கனமே இல்லை, லேசானதுதானே என்று நினைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். லேசான பொருள் தண்ணீருக்குள் மிதக்கப் பார்க்கும், அதை அமிழ்த்த ஈயம் வேண்டும். பிறகு அந்த ஈயத்தையும் சேர்த்து மேலே தூக்க பேலஸ்ட் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே பார்க்க வேண்டியது எடையை அல்ல, தடிமனை.

510-ஐ 95 ஆக்கியது

மேல்தட்டை 1 மி.மீ. ஏபிஎஸ் ஷீட்டில் மறுபடி செய்ததில் 120 என்பது 40 ஆனது. கோபுரத்தை அதே ஷீட்டில் உள்ளீடற்றதாக மடித்து ஒட்டியதில் 110 போய் 20. மேல்தட்டு மூடும் இடத்தில் பைப்பின் முதுகையே நீளவாக்கில் வெட்டி எடுத்ததில் 70 போய் 15. உள்குழாயை வெளியே எடுக்க வழியும் கிடைத்தது. அதிக லாபம் தந்தது உள்குழாய். 63-க்குப் பதில் 50 மி.மீ. பைப் போட்டு, அதன் மையம் அடியிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் இருக்கும்படி வைத்தால், அதன் முதுகு சரியாக 60 மி.மீ. மட்டத்தில் முடிகிறது. 120 போய் பூஜ்யம். அதற்குக் கீழே ஈயம் வைக்கவும் 8 மி.மீ. இடைவெளி கிடைத்தது.

மர முகப்பும் வாலும் வீணாகவில்லை. அவையே வார்ப்புக்கு மூலம் ஆயின. விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு இரண்டு பாதி அச்சு எடுப்பார்கள் இல்லையா, அதே முறைதான்: நடுக்கோட்டில் களிமண் வரம்பு கட்டி, ஒரு பாதிக்கு அச்சு, அது இறுகியதும் வரம்பை எடுத்துவிட்டு மறுபாதி. வார்ப்பு ஒட்டாமல் கழன்று வர அச்சுக்குள் மெழுகு பாலிஷ், அதன் மேல் பிவிஏ. பிறகு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி நார்ப்பாய் இரண்டு அடுக்கு, பாலியஸ்டர் ரெசின். தடிமன் ஏறக்குறைய 1.5 மி.மீ. வரும். கெட்டியாக்கி ரெசினின் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் போனால் மதுரை வெயிலில் பிரஷ்ஷைக் கீழே வைப்பதற்குள் ஜெல்லாகிவிடும். காலை ஏழு மணிக்கு முடிக்க வேண்டிய வேலை இது. ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டை முன்னரே கலக்காமல் தனியாக வாங்கினால், முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து முடித்த பிறகே கெட்டியாக்கி. அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். எச்சரிக்கைக்காகச் சொல்லும் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படிச் செய்ததில் 90 என்பது 20 ஆனது.

மொத்தம் 95. சிரிஞ்ச் 100. ஐந்து மி.லி. உபரி. மேலே மிதக்கும்போது நீர்மட்டத்தை வெட்டுவது மெல்லிய சுவர்கள் மட்டுமே என்பதால், சில மி.லி. கணக்கு தவறினாலே மாடல் கூடுதலாக அமிழும். அதனால் பெயின்ட் பூச்சையும் கைப்பிடிக் கம்பிகளையும் சேர்த்த பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும்.

சிரிஞ்சும் திருகும்

இரண்டு சிரிஞ்சையும் முன்னும் பின்னுமாக, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க, பிஸ்டன்கள் நடுவில் எதிரெதிரே வரும்படி வைத்தார்கள். நடுவில் ஒரே மோட்டார், இரண்டு பக்கமும் எம்4 திருகுத்தண்டு. இயக்கியதும் முன் சிரிஞ்ச் உறிஞ்சியது, பின் சிரிஞ்ச் துப்பியது. மொத்த நீர் மாறவே இல்லை, மாடல் மட்டும் தலைகீழாக நின்றது. இரண்டு தண்டும் வலப்புரி. ஒன்றாகச் சுற்றினால் இரண்டு நட்டும் ஒரே திசைக்குத்தான் போகும். ஒரு பக்கம் இடப்புரித் திருகு வேண்டும், அது எளிதில் கிடைக்காது. எனவே டவுன் ஹால் ரோடு வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் எம்4 திருகு அச்சு கொண்ட என்20 கியர் மோட்டார் இரண்டு வாங்கி, முதுகோடு முதுகாக வைத்து, இரண்டுக்கும் வயரை ஒரே மாதிரி கொடுத்தார்கள்.

இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது. நடு ஓட்டத்தில் 10 மி.லி. வித்தியாசம் வந்தாலே மூக்கு 7 டிகிரி சாயும். அதனால் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு முனையிலும், பிஸ்டன் தொட்டதும் கரண்டைத் துண்டிக்கும் லிமிட் சுவிட்ச். சுவிட்சுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் ஒரு 1என்4007 டயோடு. சுவிட்ச் நிறுத்தினாலும் எதிர்த்திசைக்கு டயோடு வழியே கரண்ட் போகும். டயோடைத் திருப்பிப் போட்டால் மோட்டார் முனையில் நிற்காமல் பிஸ்டனை இடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பிரச்சினை உள்ளே அடைபட்ட காற்று. உள்குழாயில் காலி இடம் சுமார் 400 மி.லி.; பிஸ்டன்கள் 100 மி.லி. அளவுக்கு உள்ளே வந்தால் காற்று 300 மி.லி.க்குள் நெருங்கி, அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒவ்வொரு பிஸ்டன் மீதும் இரண்டு கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. மோட்டார் முனகி நின்றது. இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு: பிஸ்டன்களைப் பாதி தூரத்தில் நிறுத்திவிட்டு மூடியைப் போட வேண்டும். அப்போது அழுத்தம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடும், மறுபக்கம் கொஞ்சம் குறையும், இரண்டும் மோட்டாரால் சமாளிக்கக்கூடியவை.

பிஸ்டன் ரப்பருக்கு வாசலின் தடவக் கூடாது. இரண்டு வாரத்தில் ரப்பர் ஊதி சிரிஞ்சுக்குள் இறுகிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி.

ரிமோட் விஷயத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் பயன்படாது. அந்த அலைகளைத் தண்ணீர் குடித்துவிடும், ஆன்டெனா சில சென்டிமீட்டர் அமிழ்ந்ததுமே தொடர்பு போய்விடும். 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைக் காரின் போர்டு போதும். முன்–பின் புரொப்பல்லருக்கு, இடம்–வலம் பேலஸ்டுக்கு. சுக்கான் கிடையாது, 3 மீட்டர் தொட்டியில் திரும்ப எங்கே இடம்? மூன்று புரொப்பல்லரில் நடு ஒன்றுக்கு மட்டும் மோட்டார், மற்றவை சும்மா சுழலும். அச்சுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, பித்தளைக் குழாய் நிறைய கிரீஸ். பேட்டரி நான்கு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. சார்ஜ் எப்போதும் வெளியே எடுத்துத்தான்.

ஐந்து கிராம்

மூழ்கிய மாடலின் எடை, கூட்டுக்குள் இருக்கும் நீரை விட்டுவிட்டால், சுமார் 1,350 கிராம். மிதப்பு மையத்துக்கு 8 மி.மீ. கீழே எடை மையம். இந்த நிலையில் 5 கிராம் ஈயத்தை நடுவிலிருந்து 300 மி.மீ. முன்னால் தவறாக வைத்தால் மூக்கு ஏறக்குறைய 8 டிகிரி சாயும். மேலே மிதக்கையில் இது தெரியவே தெரியாது. நீர்மட்டமே மாடலைத் தாங்கிப் பிடித்திருக்கும். மூழ்கியதும் அந்தப் பிடி போய்விடுகிறது.

எனவே ஈயத்தை முதலிலேயே ஒட்டக் கூடாது. டயர் கடைகளில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம் கட்டிகளை ரப்பர் பேண்டால் கூட்டின் வெளியே கட்டி, நகர்த்தி நகர்த்திச் சரியான இடம் கண்டுபிடித்த பிறகுதான் உள்ளே ஒட்ட வேண்டும். இப்போது வருகிறவற்றில் பல இரும்பு, துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். நீருக்குள் இருக்கும் 5 கிராம் ஈயம் 4.6 கிராமாகத்தான் வேலை செய்யும் என்பதால், வெளியே பார்த்த அளவை உள்குழாய்க்குள் வைக்கும்போது சற்றுக் குறைக்க வேண்டும்.

அப்படியும் முதல் நாள் ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் ஒவ்வொரு விதமாகச் சாய்ந்தது. மேல்தட்டின் அடியில் ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள்தான் காரணம். கப்பலின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் வடிகால் துளைகளை 1:100-ல் துளைத்தால், நீரின் மேற்பரப்பு இழுவிசையே அவற்றை அடைத்துவிடுகிறது. மேல்தட்டின் உச்சியில் 1 மி.மீ. கீறல்கள் போட்டு, உள்பக்கம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுத் தடவியதும் குமிழிகள் நிற்கவில்லை. குழாய் நீரைத் தொட்டியில் நிரப்பிய உடனே விட்டால் கரைந்திருந்த காற்று மாடலின் மேலெல்லாம் முத்து முத்தாகப் பூக்கும். ஓர் இரவு விட்டு வைத்தால் போதும்.

எந்தத் தண்ணீர் என்பதும் கணக்கில் வரும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள போர் தண்ணீரில் மாடல் 2 கிராம் கூடுதலாக மிதக்கும், ரிமோட்டின் எட்டும் தூரமும் குறையும். வைகைத் தண்ணீரில் சரிசெய்த மாடலைப் போர் தண்ணீரில் விட்டால் மூழ்க அடம்பிடிக்கும். வெயிலின் கணக்கு கொஞ்சம் வேடிக்கை. தொட்டி நீர் 25-லிருந்து 35 டிகிரிக்குச் சூடானால் நீர் லேசாகி 4 கிராம் தாங்குதிறன் போகும். ஆனால் பிவிசியும் சேர்ந்து விரிவதால் இரண்டரை கிராம் போல திரும்பி வந்துவிடும். இணைப்பை விரித்த அதே குணம் இங்கே உதவுகிறது. அலுமினியக் குழாய் போட்டிருந்தால் அந்த உதவி பெரும்பாலும் கிடைக்காது.

கடைசியில் வைத்த அளவு: இரண்டு சிரிஞ்சும் நிறைந்தால் 3 கிராம் கனம் அதிகம். மாடல் தார்ப்பாய்த் தொட்டியின் 60 செ.மீ. ஆழத்துக்குச் சாவகாசமாக இறங்கித் தரையில் அமரும். சிக்னல் போனால் தானே எழும் ஏற்பாடு எதுவும் பொம்மைப் போர்டில் இல்லை என்பதால், கோபுரத்தில் ஒரு தூண்டில் நரம்பு எப்போதும் கட்டியிருக்கும். தெப்பக்குளத்தில் விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கலங்கல் நீரில் கறுப்பு மாடல் ஓரடி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, நரம்பு இருந்தும் எந்தப் பக்கம் இழுப்பது?